எழுத்து, வாசிப்பு, வீடு

பழநி ரோட்டுக்கு வந்தாயிற்று, இன்னும் சொல்லவில்லை. தெரு முனைக்குள் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். தெரு முனையில் பால் வண்டி குறுக்கே வந்தது, அதற்கு வழி விட்டதில் பேச்சு தள்ளிப்போனது. அப்புறம் பிள்ளையார் கோயில் பக்கம் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கும்போது பேசக்கூடாது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு, அந்த ஹாரன் சத்தத்தில் சொன்னால் பாதிதான் காதில் விழும், இந்த விஷயத்தைப் பாதி மட்டும் கேட்பது முழுதாகக் கேட்பதைவிட மோசம். இப்போது காற்று. ஆடி பிறக்கப் போகிறது, பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து வண்டியையே பக்கவாட்டில் தள்ளுகிறது, இதில் என்ன பேசுவது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் தயாராக வந்து நிற்கிறது. கதை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வராது, காரணம் என்றால் வரிசை கட்டி வரும். பின்னால் இளவேனில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை, வண்டியின் பின்கம்பியைப் பிடித்திருக்கிறாள். எங்களுக்கு நடுவில் அவளுடைய புத்தகப் பை இருக்கிறது. பை எப்போதும் முதுகில்தானே இருக்கும், இன்றைக்கு ஏன் முன்னால் மாட்டியிருக்கிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது அப்படித்தான் மாட்டுகிறார்களோ என்னவோ, எனக்கு எங்கே தெரியும், தினமும் வேனில் போகிற பிள்ளை. இன்றைக்கு நான்தான் வேன்காரரை நீங்க போங்க என்று அனுப்பிவிட்டு, அப்பா கொண்டுபோய் விடறேன் சாமி என்று ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வேனில் அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள், அவர்களுடைய அம்மாக்கள் எல்லாரும் அந்த வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். காலையில் சுகந்தி டீயைக் கொண்டுவந்து வைத்தாள், கூடவே தன் போனையும் வைத்தாள். கேஸ் புக் பண்ணச் சொல்கிறாள் என்று நினைத்து எடுத்தேன். ஏழாம் வகுப்பு பி பிரிவு பெற்றோர் குழு. அதில் என்னுடைய பதிவு. முகநூலில் நேற்று நான் எழுதியதை யாரோ ஒரு அம்மா அப்படியே எடுத்துப் போட்டு, நம்ம இளவேனிலோட அப்பா எழுதியது, என்ன ஒரு முற்போக்கான குடும்பம் என்று மேலே எழுதியிருந்தார். கும்பிடும் கைகள், பூங்கொத்து. கீழே வரிசையாக வாழ்த்துகள், குட்டி தேவதைக்கு வாழ்த்துகள், பெரிய மனுஷிக்கு வாழ்த்துகள். வகுப்பு டீச்சரும் ஒரு ரோஜாப் பூ போட்டிருந்தார். சுகந்தி சொன்னாள், "இவ இன்னிக்கு அந்த வகுப்புல போய் உக்காரோணும். புள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், பசங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நீங்களே சொல்லிப்போடுங்க. பள்ளிக்கூடத்துல எறங்கறதுக்கு முன்னால சொல்லிப்போடுங்க." சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தாள்.

மாதாமாதம் ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். எழுத்து, வாசிப்பு, வீடு என்று மூன்று தலைப்பு. இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன படிக்கிறேன், வீட்டில் என்ன நடக்கிறது. ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, ஊரில் இலக்கிய வட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆவலாகப் படிக்கிறார்கள், அது போதுமாக இருந்தது. ஆடிட்டர் ஆபீசில் நாள் முழுக்கப் பிறத்தியார் கணக்கைப் பார்க்கிறவனுக்கு, நான் இன்னும் எழுத்தாளன்தான் என்று மாதத்துக்கு ஒருமுறை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். எழுத்து என்று தலைப்பைப் போட்டேன். நாவல் இறுதிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். காற்றாலைக்கு நிலத்தைக் கொடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல். அதில் என் கதாநாயகன் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறான், போன தீபாவளிக்கு முன்னாலிருந்து நிற்கிறான், உள்ளே போய் என்ன பேசுவான் என்று எனக்கும் தெரியவில்லை அவனுக்கும் தெரியவில்லை. இறுதிக் கட்டமாம். வாசிப்பு என்று போட்டேன். ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றி, மனித மனத்தின் இருண்ட அறைகள் என்றெல்லாம் எழுதினேன். அதில் நான் முன்னுரையும் முதல் அத்தியாயமும்தான் படித்திருக்கிறேன், இருண்ட அறைகள் பின்னட்டையில் இருந்தன. மூன்றாவது வீடு. மூன்றில் நிஜமாக ஏதாவது நடந்திருந்தது அங்கே மட்டும்தான். புதன்கிழமை இளவேனில் வயதுக்கு வந்திருந்தாள். என்னிடம் காட்டுவதற்கு என்னுடையது என்று ஒன்றும் இல்லாததால் அவளுடையதை எடுத்துக் காட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்வதற்கும் வழியில்லை.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. எப்போது திறந்திருந்தது. வண்டிகள் சேர்ந்துவிட்டன, லோடு ஆட்டோ, கரும்பு ஏற்றிய டிராக்டர், ஒரு கல்லூரி பஸ். இன்ஜினை அணைத்தேன். இதோ, சத்தம் இல்லை, பள்ளம் இல்லை, காற்றைக்கூட டிராக்டர் மறைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது சொல்லலாம். சாமி, உன்னைப் பத்தி அப்பா ஒண்ணு எழுதியிருக்கேன். அது பொய்யில்லை, எப்போதும்தான் எழுதுகிறேன், அவள் யூகேஜி படிக்கும்போது நிலா ஏன் நம்ம வண்டி பின்னாலயே வருது, அதுக்கு வீடு இல்லியா என்று கேட்டதை எழுதினேன், அதற்குத்தான் முதன்முதலில் நூறு பேருக்கு மேல் விருப்பக்குறி போட்டார்கள். அப்போதெல்லாம் மாதக் கடைசியில் ஓடி வந்து, இந்த மாசம் நான் வந்திருக்கேனா அப்பா என்று கேட்பாள், வந்திருக்கிறாய் என்றால் தன் பெயர் எங்கே என்று தேடித் தொட்டுப் பார்ப்பாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அவள் கேட்பதை நிறுத்தியதுகூடத் தெரியாமல் நான் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், தோள்பட்டையும் ரிப்பனும்தான் தெரிந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினேன். அவள் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள், வேண்டுமென்றா, தற்செயலாகவா, இப்போது கண்ணாடியில் கரும்புதான் இருக்கிறது.

புதன்கிழமை சுகந்தி ஆபீசுக்குப் போன் பண்ணினாள். வீட்டுக்கு வாங்க, ஒண்ணுமில்லை, நல்ல விஷயந்தான் என்றாள். வழியெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம். அந்தப் பெருமிதம் எதற்கு என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. மகளைப் பற்றியதுதான் என்று நினைத்துக்கொண்டேன், இல்லை, நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பற்றியது. சுகந்தி, அண்ணனுக்குச் சொல்லோணுங்க, முதல்ல தாய்மாமனுக்குத்தான் சொல்லோணும் என்று ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் தாய்மாமன்தான் தென்னை ஓலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டும், பெண்ணை அதில் உட்காரவைத்து, அப்புறம் ஒரு நாள் பார்த்து மண்டபம் பிடித்து, தட்டுத் தட்டாகச் சீர் வைத்து, பந்தி போட்டு, சந்து முனையில் பிளெக்ஸ் கட்டி. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஊரைக் கூட்டி என் மகளின் உடம்பை அறிவிக்க மாட்டேன் என்றேன். நல்ல வாக்கியமாக வந்தது. வந்ததுமே நல்ல வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை எடுத்து அப்படியே பதிவில் போட்டேன். ஊரைக் கூட்டி என் மகளின் உடம்பை அறிவிக்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டி அறிவித்தேன். எழுதும்போது இது கண்ணில் படவில்லை. மறுபடி படித்துப் பார்த்தபோதும் படவில்லை. ஒற்றுப்பிழை பார்த்தேன், பூப்பெய்தினாள் என்று போடுவதா வயதுக்கு வந்தாள் என்று போடுவதா என்று வெகுநேரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து அறையில் அவள் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

எப்போதும் போடுவதற்கு முன்னால் சுகந்தியிடம் வாசித்துக் காட்டுவேன். நேற்று அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் காட்டவில்லை. தூங்கவில்லை, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் வந்திருப்பாள். காலையில் இதையும் கேட்டாள். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்கிட்டயாவது கேட்டீங்களா?" நீ தூங்கிட்டிருந்த என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எழுத ஒன்றும் இல்லை, ஒரு பொய்யைக் கேட்ட பெண்பிள்ளையின் பார்வை, அவ்வளவுதான். சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நாச்சிமுத்து மச்சானின் போன் வந்தது, சுகந்தியின் அண்ணன், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், குடிசை கட்ட ஓலை வெட்ட வேண்டாம் என்று நான் புதன்கிழமை சொன்னதில் இருந்து பேசாமல் இருந்தவர். குரலில் கோபம் இல்லை, சந்தோஷமாகவே இருந்தது. "ஏனுங் மாப்ள, நாங் கூப்புட்டிருந்தா ஒரு முந்நூறு பேர் வந்திருப்பாங்க. சோத்தத் தின்னுபோட்டு மறந்துட்டுப் போயிருப்பாங்க. நீங்க ஊரு ஒலகத்துக்கே பத்திரிகை வெச்சுப்போட்டீங்களே. எம் பண்ணைல தீவனம் கொண்டாற டிரைவர் கேக்கறானுங், உங்க தங்கச்சி மகளுக்காமான்னு." கொஞ்சம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வெச்சிருந்தேன், அதயாச்சும் குடுக்கலாமுங்களா, இல்ல அதுவும் தப்புங்களா" என்றார். மாப்பிள்ளை முறுக்கில் நான் அதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

அழித்துவிடலாம். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், ஒரு விரலை வைத்தால் போய்விடும். பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தேன், அழிப்பதற்குத்தான் எடுத்தேன். பதிவைத் திறந்ததும் கண் தானாக எண்ணிக்கைக்குப் போகிறது. என் கதை எதற்கும் இவ்வளவு வந்ததில்லை. தொகுப்பு வந்த அன்றைக்குக்கூட இதில் பாதி வரவில்லை. கீழே இறங்கிப் போனேன். வாழ்த்துகள், வாழ்த்துகள், கண்ணீர் வரவழைத்துவிட்டீர்கள் தோழர், இப்படி ஒரு தந்தை, நடுவில் ஒருவர் எந்தப் பள்ளி என்று கேட்டிருக்கிறார், அதற்கு நான் நேற்று பதிலும் போட்டிருக்கிறேன், பள்ளியின் பெயரோடு. எப்போது போட்டேன். போட்டிருக்கிறேன். அதற்கும் கீழே போனால் அந்தப் பெயர். சென்னையில் இருக்கிற மூத்த விமர்சகர், நான் தொகுப்பைக் கூரியரில் அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டதற்கு, கிடைத்தது என்று மட்டும் பதில் போட்டவர். அவர் எழுதியிருக்கிறார், நேர்மையான எழுத்து, மிகையில்லை, தொடர்ந்து எழுதுங்கள். காலையிலேயே பார்த்துவிட்டேன். டீ ஆறுவதற்குள் இரண்டு தடவை பார்த்தேன். பதிவை அழித்தால் அதுவும் போய்விடும். இதுதான் விஷயம். காலையில் இருந்து நான் அதை அழிக்காமல் வைத்திருப்பதற்கு வேறு ஒரு காரணமும் இல்லை, சுகந்தியிடம் சொன்ன காரணம், எப்படியும் எல்லாரும் எடுத்து வைத்திருப்பார்கள் இனி அழித்து என்ன பிரயோசனம் என்பது, சும்மா. பன்னிரண்டு வயசுப் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறது, நான் அதன் வலியை விற்று வாங்கிய ஒரு வரியை விடமுடியாமல் கையில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டில் நிற்கிறேன். நேர்மையான எழுத்தாம். குளியலறையில் இருந்து அப்பா என்று கூப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் கூப்பிட்டது அம்மாவை. நான் அப்போது ஆபீசில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டில் நடந்த ஒரே நிஜமான விஷயத்தில், அதிலும் நான் இல்லாத இடத்தில், என்னை நுழைத்துக்கொண்டேன்.

"சார், வணக்கமுங்." பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. உரக்கடை ஜெகநாதன். இலக்கிய வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், யார் பேசினாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர். இவர் இப்போது வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். "நேத்து உங்குளுதப் படிச்சனுங் சார். அந்தக் கடைசிப் பகுதி இருக்குதுங்களே, எங்க வீட்டம்மாளையும் கூப்புட்டு உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுனேன். கண்ணு கலங்கிருச்சுங். நாவல் கீவலெல்லாம் கெடக்குதுங், இதுதானுங் எழுத்து." தலையைச் சாய்த்து எனக்குப் பின்னால் பார்த்தார். "பாப்பா இதுதானுங்களா?" அவள் என்ன முகத்தோடு இருந்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பவில்லை. "நல்லாப் படி சாமி. இப்புடி ஒரு அப்பா கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்." அப்போது நான் செய்ததை எந்தத் தலைப்பின் கீழும் போட முடியாது. நான் சிரித்தேன். ரொம்ப நன்றிங்க என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, உள்ளே சந்தோஷமாக இருந்தது, நாவல் கீவல் என்றதில் கொஞ்சம் சுருக்கென்றது, மற்றபடி சந்தோஷமாக இருந்தது, பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்குக் கேட்கும்படி. எங்க வீட்டம்மாளும் உங்களப் பாக்கோணும்னு சொல்றாங்க என்றார். ஒரு நாள் வாங்க என்றுகூடச் சொன்னேன்.

ரயில் வந்தது, பாலக்காட்டு வண்டியோ திருச்செந்தூர் வண்டியோ, பெட்டிகளை எண்ணுகிற மாதிரி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் அவள் ஏதாவது கேட்டிருப்பாளா. என்ன பதிவுங்ப்பா என்று கேட்டிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும், ஒரு பிள்ளை கேட்காதா, யாரோ ஒருவர் வந்து பாப்பா இதுதானா என்று பார்த்துவிட்டுப் போகிறார், எதற்கு என்று கேட்காதா. ரயில் போய் முடிந்ததும் அவள் குரல் கேட்டது. "கேட்டு எப்பங்ப்பா தொறப்பாங்க? பிரேயருக்கு லேட்டாயிரும்." அவ்வளவுதான். இதோ தொறந்துருவாங்க சாமி என்றேன். என்னுடைய குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, கடைக்காரன் வாடிக்கையாளரிடம் குழைகிற குரல்.

கேட் திறந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டி, நடுவில் சிக்கி, ஒருவழியாக வெளியே வந்தோம். இனி நேர் ரோடு, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, அப்புறம் பெட்ரோல் பங்க், அப்புறம் பள்ளிக்கூடம். காற்று மறுபடி பிடித்துக்கொண்டது. எப்படி ஆரம்பிப்பது. சாமி, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன். இது சரியான ஆரம்பம், ஆனால் இதைச் சொல்லிப் பார்க்கும்போதே இதுவும் ஒரு பதிவின் முதல் வரி மாதிரி இருக்கிறது, மகளிடம் மன்னிப்புக் கேட்ட தந்தை, இதற்கும் ஐநூறு பேர் கண் கலங்குவார்கள், சீ. வெறுமனே சொல். உன் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், அப்பாதான் காரணம். அவள் அழுவாள். அழுதால் என்ன செய்வேன், ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, யூனிபார்ம் போட்ட பிள்ளை அழ, போகிறவர்கள் எல்லாம் பார்க்க. வியாழக்கிழமை காலையில் அவள் அழவில்லை, கெஞ்சினாள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் லீவு போட்டுக்கட்டுங்களா? வயிறு ரொம்ப வலிக்குதுங்ப்பா." நான் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். இது நோய் இல்லை, இயற்கை, இதற்காக ஒதுங்கி உட்கார்ந்த காலமெல்லாம் போய்விட்டது, நீ எப்போதும் போல் போக வேண்டும், அதுதான் இந்தச் சமூகத்துக்கு நாம் சொல்கிற பதில். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமூகத்துக்குப் பதில் சொல்லக் கிளம்பினாள். சுகந்தி வெந்தயத்தை மோரில் கலந்து கொடுத்து, பையில் ஏதோ வைத்து, வாசல் வரைக்கும் கூடவே போனாள், போகும்போது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்தவள் யூனிபார்மோடு படுத்துத் தூங்கிவிட்டாள், தூக்கத்தில் முகம் சுருங்கியிருந்தது. வலி என்று ஒன்று அவளுக்கு இருந்தது, அது அவளுடையது, நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்திருந்தால் போதும், எனக்கு அது ஒரு கருத்தாகத் தெரிந்தது.

பெட்ரோல் பங்க் தாண்டியாயிற்று. பள்ளிக்கூட மதில் தெரிகிறது. மஞ்சள் வேன்கள் வரிசையாக நிற்கின்றன, அவளுடைய வேனும் வந்துவிட்டது, பிள்ளைகள் இறங்கி உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பக்கத்தில் நீலப் பாவாடையில் நாலைந்து பேர் கும்பலாக நிற்கிறார்கள், அவள் வகுப்பாகத்தான் இருக்கும், உயரம் அப்படித்தான் இருக்கிறது, ஒருத்தி ரோட்டைப் பார்த்துவிட்டு மற்றவளின் கையைத் தட்டுகிறாள். அதற்கு மேல் வண்டி போகவில்லை, அதாவது நான் போகவில்லை. ஸ்டேஷனரிக் கடை ஓரத்தில் நிறுத்தினேன். கை பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கினாள், பையைச் சரி செய்தாள். நான் வண்டியில் உட்கார்ந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், வேனின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, "சாமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

"தெரியுங்ப்பா" என்றாள்.

எது தெரியும் என்று கேட்டேன். "நீங்க எழுதுனது. எங்க கிளாஸ் கவிநயா நேத்து அம்மா போனுக்குக் கூப்புட்டுச் சொன்னா. அவங்கம்மா முகநூல்ல உங்க பிரெண்டுதானுங்ப்பா. நீங்க வெளிய போயிருந்தீங்க. நானே எடுத்துப் படிச்சுட்டேன். முழுசாப் படிச்சேன்." அம்மாவிடம் சொன்னாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்படியென்றால் நேற்று சாயங்காலத்தில் இருந்து தெரியும், ராத்திரி நான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தோசை சாப்பிட்டபோது தெரியும், உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது தெரியும், நான் நன்றி சொன்னபோது தெரியும். இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது, நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, பவுடர் போட்டிருந்தாள். காலையில் இருந்து அந்த முகம் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது, நான் பார்க்கவில்லை, சொல்வதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் இருந்து இறங்கினேன். "இன்னிக்கு வேண்டாம் சாமி. வா, ஊட்டுக்குப் போயிறலாம். அம்மாகிட்ட இரு. நான் டீச்சர்கிட்டப் பேசிக்கறேன், எத்தனை நாள் வேணும்னாலும் லீவு போட்டுக்கலாம். அப்பா தப்புப் பண்ணிட்டேன்."

அவள் கை வண்டியின் சீட்டுக்கு வந்தது. ஏறிவிடுவாள் என்று நினைத்தேன், ஏறத்தான் நினைத்தாள், சத்தியமாக, ஒரு காலைத் தூக்கி மிதியடியில் வைக்கப் போனாள். கேட்டுப் பக்கம் அந்தக் கும்பலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் காலை இறக்கிக்கொண்டாள்.

"இல்லீங்ப்பா. கடைசில எழுதியிருக்கீங்கல்ல, மறுநாளே பள்ளிக்குப் போனாள், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, யார் முன்னாலும் என் மகள் தலை குனியவில்லைன்னு. நான் போகலைன்னா நீங்க எழுதுனது பொய்யாயிருமில்லீங்களா. கவிநயா அம்மா எல்லாம் கேப்பாங்க."

குத்தலாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். குத்தலாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எனக்கு அசிங்கமாகிவிடக் கூடாது என்று மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது, அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று. சாயங்காலம் வேன்லயே வந்துக்கறேங்ப்பா, நீங்க ஆபீஸ்க்குப் போங்க என்றாள். கூப்பிட வாயைத் திறந்தேன், என்ன சொல்லிக் கூப்பிடுவது, நான் எழுதியதில் எதையெல்லாம் பொய் என்று சொல்வது, எங்கிருந்து தொடங்குவது. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கும்பல் பேச்சை நிறுத்தியது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், பின்னால் நின்ற ஒரு பையன் எதையோ சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இளவேனிலின் நடை கொஞ்சம் தயங்கியது, ஒரு அடி, ஒன்றரை அடி. பிறகு, பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நான் எழுதியிருந்தது போலவே, தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.